துண்டுச் சீட்டும் ராக் மேடையும்: கேட்ட பாட்டு ஏன் வருவதில்லை?

கல்யாண மண்டபத்தில் ஆர்கெஸ்ட்ரா நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். மேடைக்குக் கீழிருந்து ஒருவர் துண்டுச் சீட்டில் ஒரு பாட்டை எழுதி நீட்டுவார். கீபோர்டுக்காரர் அதைப் பிரித்துப் பார்ப்பார், லேசாகச் சிரிப்பார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பாட்டு கடைசிவரை வராது. சீட்டு கொடுத்தவர் பந்தியில் உட்காரும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்: "அதே பத்துப் பாட்டையே எல்லாக் கல்யாணத்துலயும் போடுறானுங்க."

ராக் இசை ரசிகர்களுக்குள் பல பத்தாண்டுகளாக நடக்கும் சண்டையும் இதுதான். ஒரு தரப்பு, "ஹிட் பாட்டெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது, மேடையேறாத பாட்டுகளை வாசியுங்கள்" என்று சொல்லும். இன்னொரு தரப்பு, "இவ்வளவு பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியது தெரியாத பாட்டைக் கேட்கவா?" என்று திருப்பிக் கேட்கும். முதல் தரப்புக்குக் குழு சோம்பேறி. இரண்டாம் தரப்புக்கு முதல் தரப்பு பந்தா காட்டும் கூட்டம்.

எனக்குத் தெரிந்தவரை, இரண்டு தரப்பும் ஒரே வார்த்தையை வைத்து வெவ்வேறு விஷயங்களைப் பேசுகின்றன. 'அரிய பாட்டு' என்றால் எது என்பதில் தெளிவு கிடையாது. அந்தப் பாட்டை உட்கார வைக்கப் பட்டியலில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதும் கிடையாது. ராக் இசையே கேட்காதவர்களும் பின்தொடரும்படி, அடியிலிருந்து போவோம்.

ஒரு ராத்திரிக்கு எத்தனை இடம்?

செட்லிஸ்ட் என்பது ஒரு கச்சேரியில் எந்தெந்தப் பாட்டுகள், எந்த வரிசையில் என்று எழுதி வைத்த பட்டியல். ஒரே ஒரு தாள்தான். பாடகரின் காலடியில், கிதார்காரரின் பெடல்களுக்குப் பக்கத்தில், டிரம்ஸுக்கு அருகில் என்று மேடைத் தரையில் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். கச்சேரி முடிந்ததும் அந்தக் கசங்கிய தாளுக்காக முன்வரிசை ரசிகர்கள் மேடைப் பணியாளர்களிடம் கெஞ்சுவதைப் பார்க்கலாம்.

முன்பதிவு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் முழு வண்டியும் காலியாகத் தெரிகிறது. உள்ளே போனால் பாதிக்கு மேல் சீட்டுகளில் ஏற்கெனவே துண்டு போட்டிருக்கிறது. 30, 40 வருடம் ஓடிய ஒரு குழுவிடம் நூற்றைம்பது பாட்டுக்கு மேல் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் சுமார் 20 பாட்டுதான் அடங்கும். நீளமான பாட்டுகள் வைத்திருக்கும் ஹெவி மெட்டல் குழு என்றால் 15, 16.

இதில் முதலில் துண்டு போடுவது ஹிட் பாட்டுகள். இல்லாவிட்டால் ஊருக்குப் போகும் வழியெல்லாம் குறை சொல்வார்களே, அந்தப் பாட்டுகள். அடுத்தது புது ஆல்பம். பெரும்பாலும் அதைச் சொல்லித்தான் சுற்றுப்பயணமே கிளம்பியிருக்கும். முதல் பாட்டு அரங்கத்தை எழுப்ப வேண்டும் என்பதால் அந்த இடமும் போயிற்று. கடைசியில் என்கோர் இருக்கிறது. குழு விடைபெற்று உள்ளே போவதும், கூட்டம் கத்துவதும், மறுபடி வந்து இரண்டு மூன்று பாட்டு வாசிப்பதும்தான் என்கோர். எல்லோருக்கும் முன்பே தெரிந்த நாடகம், ஆனாலும் யாரும் கத்தாமல் இருப்பதில்லை. அந்த இடமும் பெரிய பாட்டுகளுக்குத்தான்.

மிஞ்சுவது நாலைந்து இடம். ரசிகர்களின் சண்டை மொத்தமும் இந்த நாலைந்து இடத்துக்குத்தான்.

"இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து வாசித்தால் என்ன?" என்று கேட்கலாம். அதற்கும் கடிகாரம் இருக்கிறது. திறந்தவெளி அரங்குகளில் அக்கம்பக்கத்தாருக்காக இத்தனை மணிக்குள் சத்தம் அடங்க வேண்டும் என்று உள்ளூர் விதி உண்டு. 2012 ஜூலை 14 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மூன்று மணி நேரத்தைத் தாண்டி வாசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியையும் மேடைக்கு அழைத்துச் சேர்ந்து பாடினார். நேரம் கடந்துவிட்டது என்று ஒலியை நிறுத்திவிட்டார்கள். ஸ்பிரிங்ஸ்டீனும் மெக்கார்ட்னியும் ஒரே மேடையில் நிற்கும்போதே மைக்கை அணைப்பார்கள் என்றால் மற்றவர்கள் பாடு சொல்ல வேண்டியதில்லை. அதே மாதம் 31-ஆம் தேதி ஹெல்சிங்கியில் அவர் 4 மணி 6 நிமிடம் வாசித்தார் என்பது தனிக் கதை. அங்கே யாரும் சுவிட்சைத் தொடவில்லை.

'அரிது' என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று பேர்

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. மூன்று சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுப் பேசுகிறார்கள்.

முதலாவது டீப் கட். தனிப் பாட்டாக, அதாவது சிங்கிளாக வெளிவராமல், வானொலியிலும் அதிகம் ஒலிக்காமல், ஆல்பத்துக்குள்ளேயே கிடக்கும் பாட்டு. ஆல்பம் வாங்கி முழுக்கக் கேட்டவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது.

இரண்டாவது பி-சைட். இசைத்தட்டு காலத்தில் சிங்கிள் ஒன்று வந்தால், தட்டின் முன்பக்கத்தில் விற்க வேண்டிய பாட்டு இருக்கும். பின்பக்கம் காலியாக இருக்கக் கூடாதே என்று இன்னொரு பாட்டைப் போடுவார்கள். அந்தப் பின்பக்கப் பாட்டு பி-சைட். பல நேரம் ஆல்பத்தில்கூட இருக்காது.

மூன்றாவதுதான் உண்மையான அரிய பாட்டு: மேடையில் மிகக் குறைவாக வாசிக்கப்பட்டது. முதல் இரண்டு சொற்களும் பாட்டு எப்படி வெளிவந்தது என்பதைச் சொல்கின்றன. மூன்றாவது, மேடையில் எத்தனை முறை வந்தது என்ற கணக்கு. இவை ஒன்றோடொன்று ஒட்டவே வேண்டியதில்லை.

மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் 'சீக் அண்ட் டெஸ்ட்ராய்' 1983-இல் வந்த முதல் ஆல்பத்தின் பாட்டு. சிங்கிளாக விற்கப்பட்டதல்ல. ஆனால் அந்தக் குழு மிக அதிகமுறை வாசித்த பாட்டுகளில் ஒன்று. எத்தனையோ கச்சேரிகளை முடித்து வைத்திருக்கிறது. பேர்ல் ஜாம் குழுவின் 'யெல்லோ லெட்பெட்டர்' 1992-இல் ஒரு சிங்கிளின் பி-சைடாக வந்தது. இன்று அவர்களின் கச்சேரி முடியும்போது அடிக்கடி வருவது அந்தப் பாட்டுதான். பின்பக்கத்தில் இடம் நிரப்ப வைத்த பாட்டு கடைசியில் மங்களம் பாடுகிறது.

தலைகீழ் உதாரணமும் இருக்கிறது. ரேடியோஹெட் குழுவை உலகுக்குக் காட்டியதே 1992-இல் வந்த 'கிரீப்'. ராக் இசை கேட்காதவரும் எங்காவது கேட்டிருப்பார். ஆனால் அந்தக் குழுவுக்கே அது சலித்துப்போய், வருடக்கணக்கில் வாசிக்காமல் விட்டார்கள். 2009-க்குப் பிறகு 2016 வரை அது மேடைக்கு வரவே இல்லை. ஆக, உலகப் புகழ்பெற்ற ஹிட் பாட்டு அந்த ஆண்டுகளில் அரிய பாட்டாக இருந்தது.

நீண்ட காலம் காணாமல் போயிருந்த பாட்டு திடீரென்று மேடைக்குத் திரும்புவதை அமெரிக்க ரசிகர்கள் பஸ்ட்-அவுட் என்பார்கள். நடுவே எத்தனை கச்சேரிகள் அந்தப் பாட்டு இல்லாமல் போயின என்ற எண்ணிக்கை கேப். இந்த எண்ணிக்கையைக் கிரிக்கெட் புள்ளிவிவரம் போல வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. ஒரு பாட்டின் முதல் சுரம் கேட்ட அடுத்த நொடியே கேப் எத்தனை என்று பக்கத்து ஆளிடம் சொல்வார்கள்.

இதுவரை பார்த்தது: இடம் நாலைந்துதான். தெரியாத பாட்டு வேறு, வாசிக்காத பாட்டு வேறு. அடுத்த கேள்வி, ஒரு பாட்டு ஏன் வாசிக்கப்படாமல் போகிறது?

பட்டியலிலிருந்து பாட்டு விழும் விதம்

"வாசிக்க விருப்பமில்லை" என்று ரசிகர்கள் நினைப்பதில் பாதி, "வாசிக்க முடியவில்லை" என்பதுதான்.

முதல் காரணம் தொண்டை. 25 வயதில் ஸ்டூடியோவில் பத்து முறை முயன்று, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்த உச்சஸ்தாயியை, 55 வயதில் வாரத்துக்கு மூன்று ராத்திரி எட்டிப் பிடிக்க வேண்டும். யூ2 குழுவின் 'தி ஜோஷுவா ட்ரீ' 1987-இல் வந்து பெருவெற்றி பெற்ற ஆல்பம். அதில் உள்ள 'ரெட் ஹில் மைனிங் டவுன்' மட்டும் 30 வருடம் மேடையேறவே இல்லை. பாடகர் போனோவின் குரலைக் கசக்கிப் பிழியும் பாட்டு அது. 2017-இல் முழு ஆல்பத்தையும் வரிசையாக வாசிப்பது என்று சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். இனி தப்பிக்க வழியில்லை. பித்தளை ஊதுவாத்தியங்கள் சேர்த்து, பாட்டை வேறு மாதிரி அமைத்துத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்தது ஸ்டூடியோ. ஒலிப்பதிவில் ஒரே ஆள் நான்கு கிதார்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியலாம், ஒரே குரலை இருபது குரலாக்கலாம். மேடையில் அந்த ஆளுக்கு இரண்டு கைதான். குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' நடுவே ஓபரா போல ஒரு பகுதி வரும். கச்சேரிகளில் அந்த இடம் வந்ததும் குழு மேடையை விட்டு இறங்கிவிடும். பதிவு செய்த நாடா ஓடும். ராக் பகுதி தொடங்கும்போது திரும்பி வருவார்கள். பாட்டு அவ்வளவு பெரியது என்பதால் இந்த ஏற்பாட்டைச் சகித்துக்கொண்டார்கள். டீப் கட்டுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? ரஷ் குழுவின் 'லூசிங் இட்' 1982 ஆல்பத்தில் வந்தது. அதற்கு வயலின் வேண்டும், குழுவிலோ மூன்றே பேர், வயலின்காரர் இல்லை. 2015-இல் அவர்களின் சுற்றுப்பயணத்தில் வயலின்காரரை அழைத்து வந்து சில ஊர்களில் வாசித்தார்கள். 33 வருடக் காத்திருப்பு.

மூன்றாவது காரணம் மறதி. பத்தாம் வகுப்பில் ஒப்பித்த மனப்பாடப் பாட்டை இப்போது சொல்லச் சொன்னால் முதல் இரண்டு அடிக்கு மேல் ஓடுமா? எழுதியவர்கள்தான், ஆனால் பதிவு முடிந்த பிறகு தொடாத பாட்டை அவர்களும் தங்கள் ஆல்பத்தைப் போட்டுக் கேட்டுத்தான் மறுபடி கற்க வேண்டும். ஒருவர் கற்றால் போதாது, குழு முழுக்கக் கற்க வேண்டும். வழக்கமான பாட்டு அப்படியில்லை, ஆயிரம் முறை வாசித்து விரலே பாட்டை அறிந்து வைத்திருக்கும்.

பிறகு, வெளியே தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது: விளக்கும் திரையும். பெரிய அரங்குகளில் டைம்கோட் என்ற ஏற்பாடு உண்டு. பாட்டின் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு எண் ஓடும். அந்த எண்ணைப் பார்த்து விளக்கு, திரையில் ஓடும் படம், தீப்பொறி எல்லாம் தானாக இயங்கும். பிங்க் ஃபிளாய்ட் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் 2010 முதல் 2013 வரை நடத்திய 'தி வால்' கச்சேரிகளில் மேடைக்குக் குறுக்கே ஒரு பிரம்மாண்டச் சுவர் கல் கல்லாக எழும்பி, கடைசியில் இடிந்து விழும். அங்கே நடுவில் புதிதாக ஒரு பாட்டை நுழைப்பது, ஓடிக்கொண்டிருக்கும் சினிமாவின் நடுவே வேறு படத்தின் காட்சியைச் செருகுவது மாதிரி. ஒவ்வொரு ராத்திரியும் பட்டியலை மாற்றும் குழுக்களின் மேடை எளிமையாக இருப்பதைக் கவனித்தால், இது தற்செயல் இல்லை என்று புரியும்.

கடைசியாக, எழுதியவருக்கே பிடிக்காமல் போவது. மெட்டாலிகாவின் 'எஸ்கேப்' 1984 ஆல்பத்தில் இருக்கிறது. பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கு அது ஒத்துவராத பாட்டு என்பது ரசிகர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். 2012-இல் அட்லாண்டிக் சிட்டியில் அவர்களே நடத்திய விழாவில் அந்த ஆல்பத்தை முழுதாக வாசிக்க வேண்டி வந்ததால், 28 வருடம் கழித்து வேறு வழியின்றி வாசித்தார்கள். அதற்குப் பிறகு அது பட்டியலில் நிலைக்கவில்லை.

ரசிகர்களையே கேட்டால்?

"எங்களைக் கேட்டால் நாங்கள் சொல்வோமே" என்பது பழைய வாதம். 2014-இல் மெட்டாலிகா கேட்டே விட்டது. தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த அந்தச் சுற்றுப்பயணத்தில், டிக்கெட் வாங்கியவர்கள் ஓட்டுப் போட்டுப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தார்கள். முப்பது வருடமாகப் பூட்டிக்கிடந்த அறை திறக்கப் போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஊர் ஊராக ஓட்டெண்ணியபோது மேலே நின்றவை 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', 'ஒன்', 'என்டர் சேண்ட்மேன்' போன்ற அதே பழைய முகங்கள்தான்.

ஏன் இப்படி? ரசிகர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. பத்து நண்பர்கள் ராத்திரி சாப்பிடக் கிளம்புகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குத் தெருமுனை இடியாப்பக் கடை, ஒருவருக்கு மீன் சாப்பாட்டு மெஸ், இன்னொருவருக்கு ஊருக்கு வெளியே ஒரு தாபா. பத்துப் பேருக்கும் பத்து ரகசிய இடம். ஒவ்வொரு ரகசிய இடத்துக்கும் ஒரே ஓட்டு. ஆனால் பத்துப் பேரும் இரண்டாவது விருப்பமாக ஒரே பரோட்டா கடையைச் சொல்வார்கள். கடைசியில் எல்லோரும் உட்கார்ந்திருப்பது அந்தக் கடையில்தான். பரோட்டாவைப் பிய்க்கும்போதே ஒருவன் ஆரம்பிப்பான்: "எப்பப் பாத்தாலும் இங்கயேதான்டா வரோம்."

ஓட்டுச் சிதறல் என்பது இதுதான். அரிய பாட்டை விரும்புவோர் ஒரு கட்சி போலத் தெரிகிறார்கள், உண்மையில் அவர்கள் ஐம்பது சுயேச்சைகள். என் அரிய பாட்டு உங்கள் அரிய பாட்டு இல்லை. ஹிட் பாட்டு யாருக்கும் உயிர்ப் பாட்டாக இல்லாமல்கூட இருக்கலாம். எல்லோருடைய பட்டியலிலும் இருக்கிறது என்பதாலேயே ஜெயிக்கிறது.

சிதறாமல் ஒரே பாட்டில் ஓட்டுக் குவிந்தால் கதை மாறும். அதே 2014 பயணத்தில், மே 28 அன்று ஹெல்சிங்கி ரசிகர்களின் ஓட்டு 'தி ஃப்ரேட் எண்ட்ஸ் ஆஃப் சானிட்டி' என்ற பாட்டை உள்ளே கொண்டுவந்தது. 1988 ஆல்பத்தின் பாட்டு. மேடையில் முழுதாக வாசிக்கப்பட்டது அன்றுதான் முதல் முறை.

சுருக்கமாக: ஓட்டெடுப்பில் ஹிட் ஜெயிப்பதை வைத்து, அரிய பாட்டை யாரும் விரும்பவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. எல்லோரும் ஒரே பாட்டை விரும்பவில்லை என்பது மட்டுமே அதற்கு அர்த்தம்.

எதிரே நிற்பவர் யார்?

2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா வாசித்தது. இந்தியாவில் அவர்களின் முதல் கச்சேரி. இரண்டு நாள் முன்பு டெல்லிக்குப் பக்கத்தில் நடக்கவேண்டிய கச்சேரி ரத்தாகியிருந்தது. அந்த மைதானத்தில் நின்ற பெரும்பாலானவர்களுக்கு ஹிட் பாட்டே அரிய பாட்டுதான். நேரில் ஒருமுறைகூடக் கேட்டதில்லையே. அங்கே போய் மேடையேறாத பாட்டுகளை அடுக்கினால், முதல்முறை விருந்துக்கு வந்த சம்பந்தியிடம் சாம்பார், ரசம் இல்லை, இன்றைக்கு வெறும் பழைய சோறும் சுட்ட அப்பளமும்தான் என்று சொல்வது மாதிரி இருக்கும். பழைய சோறு அருமையானதுதான், வேளை பொருந்தவில்லை.

நேர்மாறான கூட்டமும் உண்டு. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் குழு 1965 முதல் 1995 வரை 2,300 கச்சேரிகள் வரை நடத்தியது. அவர்களின் ரசிகர்கள் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நேற்றும் வந்தவர்தான் இன்றும் எதிரே நிற்கிறார் என்றால் நேற்றைய பட்டியலை இன்று வாசிக்க முடியாது. பட்டியல் மாறுகிறது என்பதால் ரசிகர்கள் மறுபடி வருகிறார்கள், மறுபடி வருகிறார்கள் என்பதால் பட்டியல் மாறியாக வேண்டும். இந்தச் சுழற்சிக்குள் ஒரு குழு போய்விட்டால் வெளியே வருவது கஷ்டம். பேர்ல் ஜாம் இதே வழியில் போன குழு. 2000-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் ஒவ்வொரு ஊர்க் கச்சேரியையும் தனித்தனி ஆல்பமாக வெளியிட்டார்கள், மொத்தம் 72. தினமும் ஒரே பட்டியல் என்றால் இரண்டாவது ஆல்பத்தை யார் வாங்குவார்கள்?

மெஸ்ஸுக்கும் கல்யாணப் பந்திக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மெஸ்ஸில் தினமும் சாப்பிடுபவருக்காகக் கூட்டு மாற வேண்டும். பந்திக்கு வருபவர் ஒருநாள் வருபவர், வடை இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். இரண்டு வகைக் கூட்டமும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய குழுக்களின் தலைவலி. மெக்கார்ட்னி இதை மேடையிலேயே வேடிக்கையாகச் சொல்வார்: பீட்டில்ஸ் பாட்டு வாசித்தால் எதிரே கைப்பேசிகள் நட்சத்திர மண்டலம் போல ஒளிர்கின்றனவாம், புதுப் பாட்டு வாசித்தால் ஒரே கருந்துளையாம். சொல்லிவிட்டு, புதுப் பாட்டை வாசித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.

குழுக்கள் கண்ட வழிகள்

எளிய வழி சுழலும் இடம். 20 பாட்டில் 18-ஐ மாற்றாமல், இரண்டை மட்டும் தினமும் மாற்றுவது. ரோலிங் ஸ்டோன்ஸ் பல சுற்றுப்பயணங்களில் ஒரே ஒரு இடத்தை ரசிகர் ஓட்டுக்கு விட்டது. ஒரே இடம் என்பதால் ஆபத்தில்லை, கேட்டோம் என்ற பெயரும் உண்டு. கொஞ்சம் கெட்டிக்காரத்தனம்தான்.

ஸ்பிரிங்ஸ்டீனின் வழி எனக்குப் பிடித்தது. 2009 வாக்கில் அவரது கச்சேரிகளில் ரசிகர்கள் பாட்டுப் பெயரை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடிப்பது பெரிய வழக்கமாகியிருந்தது. அவர் மேடை விளிம்புக்கு வந்து அட்டைகளை அள்ளிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றைக் குழுவுக்குக் காட்டுவார். சில நேரம் அது அவர் பாட்டாகவே இருக்காது. இசைக்கலைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எந்தச் சுருதி என்று பேசிக்கொள்வதைக் கூட்டம் நேரில் பார்க்கும். அதே துண்டுச் சீட்டு, ஆனால் இங்கே கீபோர்டுக்காரரின் சட்டைப் பைக்குள் போகவில்லை. சிறு விடுதிகளில் எல்லோர் பாட்டையும் வாசித்து வளர்ந்த கைகளுக்குத்தான் இந்தத் துணிச்சல் வரும்.

கணக்கையே மாற்றும் வழியும் உண்டு. 2023-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய எம்72 சுற்றுப்பயணத்தில் மெட்டாலிகா ஒரே ஊரில் இரண்டு ராத்திரி வாசித்தது. முதல் ராத்திரிப் பாட்டு ஒன்றுகூட இரண்டாம் ராத்திரி வராது. இடம் இரட்டிப்பாகிவிட்டது, அரிய பாட்டுகள் உள்ளே வந்தன. ஆனால் ஹிட் பாட்டுகளும் இரண்டாகப் பிரிந்தன. ஆம்ஸ்டர்டாமில் முதல் ராத்திரி 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' என்றால் இரண்டாம் ராத்திரி 'என்டர் சேண்ட்மேன்'. ஒரு ராத்திரிக்கு மட்டும் காசு வைத்திருந்தவர் எதையாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். இதன் உச்சம் ஃபிஷ் என்ற அமெரிக்கக் குழு: 2017-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 கச்சேரிகள், 237 பாட்டுகள், ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

சரி, எந்தப் பாட்டு?

என் கணக்கு இது. ஆல்பத்தில் அருமையாக இருக்கும் பாட்டெல்லாம் மேடைக்கு ஆகாது. தெரியாதவரையும் ஒரு நிமிடத்துக்குள் இழுத்துப் பிடிக்கும் ஒரு கிதார் வரியோ தாளமோ இருக்க வேண்டும். ராக்கில் அந்தத் திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியை ரிஃப் என்பார்கள். ரிஃப் வலுவாக இருந்தால் அரிய பாட்டு அரங்கத்தைத் தாங்கும். இல்லாவிட்டால், அந்தப் பாட்டு தொடங்கியதும் பாதிக் கூட்டம் கழிவறைக்கும் பீர் கவுண்டருக்கும் கிளம்பும். உட்கார வைக்கும் இடமும் முக்கியம்: இரண்டு தெரிந்த பாட்டுகளுக்கு நடுவே வைத்தால் பிழைக்கும், இரண்டு தெரியாத பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் சாகும்.

இன்னொன்று, அரிய பாட்டைத் தினமும் வாசித்தால் அது அரிய பாட்டு இல்லை. கிரேட்ஃபுல் டெட்டின் 'டார்க் ஸ்டார்' ஒரு காலத்தில் அடிக்கடி வந்த பாட்டு, அப்புறம் மெல்ல மறைந்தது. 1984 ஜூலைக்குப் பிறகு ஐந்து வருடம் வரவே இல்லை. 1989 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில், கூட்டம் சேராமல் இருக்கத் தங்கள் பழைய பெயரான 'வார்லாக்ஸ்' என்ற பெயரில் இரண்டு ராத்திரி வாசித்தார்கள். இரண்டாம் ராத்திரி, அக்டோபர் 9, அந்தப் பாட்டின் முதல் சில சுரங்கள் விழுந்ததும் எழுந்த சத்தம் ஒலிப்பதிவில் இருக்கிறது. அந்தச் சத்தத்தில் பாதி பாட்டுக்கு, பாதி அந்த ஐந்து வருடத்துக்கு.

இன்று அப்படி ஒரு ரகசியம் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது. சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரி முடிவதற்குள் பட்டியல் உலகம் முழுக்கப் போய்விடுகிறது. 2023 மே 28 அன்று ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழு வாசித்தபோதும் அதுதான் நடந்தது. 1986 ஆல்பத்தில் வந்த எட்டரை நிமிடப் பாட்டு 'அலெக்சாண்டர் தி கிரேட்'. குழுவின் ரசிகர்கள் 37 வருடமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த, ஒருமுறைகூட மேடையேறாத பாட்டு. அன்று வந்தது.

இப்போது பேருந்துக் கணக்கை வைத்து அந்தப் பட்டியலைப் பாருங்கள். மொத்தம் 15 பாட்டு. அந்த 1986 ஆல்பத்துக்கு ஐந்து, அவர்களின் சமீபத்திய ஆல்பத்துக்கு ஐந்து, மீதி எல்லாவற்றுக்கும் ஐந்து. 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' இல்லை, 'ரன் டு தி ஹில்ஸ்' இல்லை. அந்தக் குழுவின் பெயர் தெரிந்தவருக்கெல்லாம் தெரிந்த இரண்டு பாட்டுகள் அவை. அடுத்தடுத்த ஊர்களிலும் ஒரே அரங்கில், ஒரே விலை கொடுத்து, 37 வருடம் காத்திருந்து வந்தவரும், அந்த இரண்டு பாட்டுக்காக மகனைக் கூட்டிக்கொண்டு வந்தவரும் அடுத்தடுத்து நின்றிருப்பார்கள்.